அரைப்புள்ளி

ஹட்டனில் வாங்கும்போதே
அந்த மடிக்கணினிக்கு ஒரு விசை இல்லை.
கடைசி வரிசைக்கு மேல், வலது சுண்டுவிரல் போய் உட்காருகிற இடத்தில்
பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு குழி.
"அதெல்லாம் யாரும் பாவிக்கிறதில்ல தங்கச்சி" என்று சொல்லி
முப்பத்தெட்டாயிரத்தில் ஐந்நூறு குறைத்தார்.
பற்றரி செத்திருந்ததை அவர் சொல்லவில்லை.

நான் எழுதுகிற மொழியில்
ஒவ்வொரு வரியும் அரைப்புள்ளியில்தான் மூச்சு விடும்.
ஆகவே ஒரே ஒரு அரைப்புள்ளியை
தனிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்,
உறைமோர் மாதிரி.
வேண்டும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்து ஒட்டுவேன்.

முதலில் ஒரு சதுரம்தான்.
பொகவந்தலாவையில், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில்,
வேலை செய்கிற ஐந்து கணினிகளில் ஒன்றில்.
சிவப்புச் சதுரம். போ என்றேன்.
போனது.
அன்றைக்குக் கடைசி பஸ்ஸை விட்டு
மழையில் நடந்தே ஏறினேன்.
காலுறையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன்,
குடித்து உருண்டு கிடந்தன மூன்று அட்டைகள்.

இப்போது சதுரத்துக்குத் தலை இருக்கிறது,
தலையில் கயிறு, முதுகில் கூடை.
ஒரு மலை இருக்கிறது. பதினோரு அட்டைகள்,
அவற்றுக்கு நானே வைத்த பசி.
மூடுபனி பக்கத்திலிருந்து வருமென்று எழுதியிருந்தேன்.
விடியக்காலை பீலியில் பல் விளக்கிக்கொண்டே பார்த்தால்
அது கீழே ஆற்றிலிருந்து எழும்பி வருகிறது.
பதினேழு வருசம் இங்கேதான் இருக்கிறேன்.
திரையில் மேலே போவதென்றால் கழித்தல்.
ஒரு குறியை மாற்றினேன்.
லயம் லயமாக மறைந்தது.

தம்பி ரிதுர்ஷன் ஓர் இரவு முழுக்கக் கொழுந்தெடுத்தான்.
"அக்கா, சீரோன்னு காட்டுது."
பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்,
குறைந்தால் அரைப்பேர், விதி அதுதான்.
அவன் எடுத்தது பதினாறு.
இரண்டு மணி வரைக்கும் தேடினேன்.
ஒன்றை இரண்டால் வகுக்கச் சொல்லியிருந்தேன்;
முழு எண் மட்டுமே கொள்ளும் பெட்டியில் போடச் சொல்லியிருந்தேன்.
பாதியை அது கீழே சிந்திவிட்டது.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை.
அதன் கணக்கில் எல்லாம் சரி.

சுவருக்கு அந்தப்பக்கம் அம்மா திரும்பிப் படுத்தாள்.
இந்த மாதம் அவளுக்கு ஏழு அரைப்பேர்.
ஒன்றுக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஒரு பூச்சியமும் சேர்த்தேன்.
அவ்வளவுதான் திருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்தேன்.
கறை ஏறிய விரலால் விசையைத் தொட்டுப் பார்த்தாள்.
"கொழுந்து எடும்மா, அந்தா பச்சையா மின்னுது பாரு."
"நாள் பூரா அதத்தானே செய்றேன்" என்றவள்
ஒரு செடியையும் தொடவில்லை.
வலது. வலது. வலது.
அட்டைகளைத் தாண்டி, மடுவத்தைத் தாண்டி,
நான் வரைந்த கடைசிப் புல்லையும் தாண்டி
காலெடுத்து வைத்தாள்.

தரையில்லை.
கூடைக்காரி விழுந்தாள், விழுந்துகொண்டே இருந்தாள்,
வெறும் சாம்பல் நிறத்தில்.
அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.
"அங்கிட்டு என்னடி இருக்கு?"
"ஒன்னுமில்லம்மா. இன்னும் எழுதல."

ஒரு சுவர் வைத்தால் முடிந்தது.
எல்லா விளையாட்டிலும் அப்படித்தான், ஒரே வரி.
எழுதினேன். அழித்தேன்.
தம்பி கடல் வேண்டுமென்கிறான்.
அவன் கடலைப் பார்த்ததில்லை.
நானும் படத்தில்தான்.
அலை பக்கத்திலிருந்து வருமா, கீழேயிருந்து எழும்புமா,
யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டே
அரைப்புள்ளியைப் பிரதி எடுக்கையில்
கரண்ட் போனது.

காம்பராவே இருட்டு.
தகரத்தில் மழை.
கொஞ்ச நேரம் கழித்து
அம்மாவின் குரல் மட்டும் வந்தது:

"ஏன்டி, விழுந்தாளே, அவ என்ன ஆனா?"